மார்கழி மழைக்குள் பிள்ளைகளோடு பரிசு செய்வது: ஒரு மாதத் திட்டம்

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வருவதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். கடல் கொந்தளிப்பதால் கரைப்பக்கம் விட முடியாது. முற்றம் முழுக்கச் சேறு. என் வீட்டில் ஏழு வயதில் ஒருவன், நான்கு வயதில் ஒருத்தி. விறாந்தையில் அடைபட்டுக் கிடக்கும் அந்த இருவரையும் வைத்துக்கொண்டு நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் தைப்பொங்கலுக்கும் கொடுக்கவேண்டிய பரிசுகளை வீட்டிலேயே செய்யத் தொடங்கி மூன்று வருடமாகிறது.

முதல் வருடம் இணையத்தில் பார்த்ததை எல்லாம் அப்படியே செய்தேன். பாதிக்குமேல் பாழ். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, ஈரம்தான் காரணம். ‘வெயிலில் இரண்டு நாள் காயவைக்கவும்’ என்று எழுதுகிறவர்கள் வாடைக்காற்றுக் காலத்தில் உப்புவெளிப் பக்கம் வந்து பார்த்தவர்கள் அல்ல. இங்கே வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான். ஆகவே எதைச் செய்வது என்று யோசிக்கும்போது ‘இது காயவேண்டுமா, எத்தனை நாள், எங்கே வைத்து?’ என்பதைத்தான் இப்போது முதலில் கேட்கிறேன். வடிவாக இருக்குமா என்பது அப்புறம்.

கீழே இருப்பவை அந்தக் கேள்வியில் தேறியவை. எது அதிக நாள் எடுக்குமோ அது முதலில், எது கெட்டுப்போகுமோ அது கடைசியில்.

தொடங்குமுன்

பெயர்ப் பட்டியலை ஒரு தாளில் பிள்ளைகளையே சொல்லவைத்து எழுதுங்கள். எட்டு வீட்டுக்குமேல் போகவிடாதீர்கள். என் மகள் முதல் தடவை சொன்ன பட்டியலில் பாண் கொண்டுவரும் ஓட்டோக்காரரும் இருந்தார், பக்கத்து வீட்டுப் பூனையும் இருந்தது. ஓட்டோக்காரர் நிலைத்துவிட்டார்.

நான்கு வயதுப் பிள்ளை ஓரிடத்தில் இருந்து வேலை செய்வது கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். ஏழு வயதுக்கு அரை மணி, முக்கால் மணி. அதனால் ஒரு நாளைக்கு ஒரு கட்டம் போதும். அச்சுக் குத்துவது, உருட்டுவது, பசை பூசுவது, மண் போடுவது சின்னவர்களுக்கு. கத்தரிக்கோல், பெயர் எழுதுவது, முடிச்சுப் போடுவது ஆறு வயதுக்குமேல். அடுப்பும் கத்தியும் உங்களுக்கு. இதில் பேரம் கிடையாது.

பசை கடையில் வாங்கத் தேவையில்லை. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னும் ஒரு கப் தண்ணீர் சேர்த்து, சிறு நெருப்பில் கூழாகும்வரை துழாவினால் சரி. அந்தக் காலத்தில் கரப்பான் அரிக்காமல் இருக்க இதில் துரிசு போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டவே வேண்டாம். இரண்டு நாளைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

நான்கு கிழமைக்கு முன்: சிரட்டையில் கற்பூரவள்ளி

மழைக்கு ஒத்துப்போவது மட்டுமில்லை, மழையால் நன்மை அடையும் பரிசு இது ஒன்றுதான். அதனாலேயே எனக்கு இதில் ஒரு ஓரவஞ்சனை உண்டு. சளிக்கும் இருமலுக்கும் இலை பறிக்க எல்லா வீட்டிலும் கற்பூரவள்ளி தேடுகிற காலமும் இதுதான்.

தேங்காய் துருவியபின் இரண்டு பாதிச் சிரட்டையில் கண் இருக்கும் பாதியை எடுத்து வையுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெதுவானது, தென்னம்பிள்ளை முளைவிடுவது அதன் வழியாகத்தான். ஒரு ஆணியால் குத்தினால் அது பொத்தென்று உள்ளே போய்விடும். மற்ற இரண்டும் அசையாது. எது மெதுவான கண் என்று விரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், குத்துவதை நீங்கள் செய்யுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டை தயார். துளைப்பான் தேடி அலைய வேண்டியதில்லை.

வெளியில் ஒட்டியிருக்கும் தும்பை நீங்கள் கத்தியால் சுரண்டிவிட்டு, மண்தாளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதலில் கரடான தாள், பிறகு நைசானது. ஒரு சிரட்டைக்கு இரண்டு மூன்று நாள், தினமும் பத்து நிமிடம். தூசு பறக்கும், அதனால் விறாந்தைப் படியில் இருத்துங்கள். கடைசியில் பழைய பருத்தித் துணியில் நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்க்கவேண்டும். சாம்பல் பூத்தமாதிரி மங்கிக் கிடந்த சிரட்டை துணி போன இடமெல்லாம் கறுத்துப் பளபளக்கத் தொடங்கும். என் மகள் முதன்முதலில் அதைப் பார்த்தபோது துணியை எடுத்துவிட்டு, மூக்குத் தொடும் அளவுக்குக் குனிந்து, “அம்மா, என்ர முகம் தெரியுது” என்றாள். தெரியவில்லைதான். ஆனாலும் அன்றைக்கு மூன்று சிரட்டை தேய்த்து முடித்தாள்.

இனி நடவு. ஆற்று மணலும் மக்கிய குப்பையும் சரிபாதி கலந்து, சிரட்டையில் ஒரு விரல் அளவு குறையவிட்டு நிரப்புங்கள். கற்பூரவள்ளித் தண்டில் நான்கு விரல் நீளத்துக்கு நுனிகளை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். வெட்டிய உடனே ஊன்றக்கூடாது. அரை நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின் ஊன்றினால் அழுகாது. இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கவேண்டும். வேர் அங்கேதான் விடும். சிரட்டைக்கு இரண்டு தண்டாக ஊன்றுங்கள், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். கொட்டும் மழையில் வைக்காமல், வெளிச்சம் படும் தாழ்வாரத்தின் ஓரமாக வைத்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். இரண்டு, மூன்று கிழமையில் புதுத்தளிர் வரும். வேர் விட்டுவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பதை நிறுத்துவதுதான் இதில் கடினமான பகுதி.

சிரட்டை உருளாமல் நிற்க, பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்றைக் கீழே வைத்தால் போதும். நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பது சின்னவளின் பொறுப்பு.

ஒரு எச்சரிக்கை. பாவிக்காத சிரட்டைகளை முற்றத்தில் மல்லாக்கப் போட்டுவிடாதீர்கள். தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருக ஒரு கிழமை, பத்து நாள் போதும். பொது சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் முதலில் தேடுவது சிரட்டையும் ரயரும்தான். பரிசு செய்யப் போய் வழக்கில் முடியவேண்டாம்.

மூன்று கிழமைக்கு முன்: புள்ளிமான் வாழ்த்து அட்டை

நத்தார் அட்டைகளில் வழக்கமாகப் பனிமான் இழுக்கும் வண்டி இருக்கும். நமக்கு அது எதற்கு? பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் புள்ளிமான்கள் படுத்துக் கிடக்கின்றன. சில நேரம் கோட்டைக்கு வெளியே தெருவுக்கும் வந்து நிற்கும். பிள்ளைகள் தினம் பார்க்கும் மிருகம். அதோடு, பிள்ளையின் உள்ளங்கைக்குள் ஒரு மான் ஏற்கெனவே இருக்கிறது.

வெள்ளை பிறிஸ்டல் போட்டை இரண்டாக மடித்து அட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையின் கை அகலத்தைவிட இரண்டு விரல் பெரிதாக இருக்கட்டும். மண்ணிற போஸ்டர் கலரை, வேண்டுமானால் சிவப்பும் கொஞ்சம் மஞ்சளும் கலந்து, தட்டில் ஊற்றாமல் பஞ்சால் உள்ளங்கையில் பூசுங்கள். தட்டில் தோய்த்தால் விரல் இடுக்கில் தேங்கி அட்டையில் வழியும். நான்கு விரலும் கீழே பார்க்க, பெருவிரல் பக்கவாட்டில் மேலே விரிந்திருக்க, ஒரே அழுத்து. இழுக்காமல் நேரே தூக்கவேண்டும். நான்கு விரல் நான்கு கால், உள்ளங்கை உடம்பு, பெருவிரல் கழுத்தும் தலையும்.

காய ஒரு மணி நேரம் விடுங்கள், மழை நாளென்றால் மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி. அதன்பின் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் வெள்ளைப் புள்ளிகள். புள்ளிமானின் புள்ளி முதுகிலும் விலாவிலும்தான், காலில் இல்லை என்று மகன் தங்கைக்குப் பாடம் எடுத்தான். அவள் காலிலும் வைத்தாள், தலையிலும் வைத்தாள், வானத்திலும் வைத்தாள். விட்டுவிடுங்கள். பேனையால் கொம்பும் கண்ணும் வரைவது பெரியவர் வேலையாக இருக்கலாம், ஆனால் புள்ளி பிள்ளையுடையதுதான்.

உள்ளே வாழ்த்தை எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரிக்கு மகன் பள்ளியில் படிக்கும் சிங்களத்தில் எழுதினான். இரண்டு எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக் கிடந்தன. திருத்தட்டுமா என்று கேட்டதற்கு அந்த அன்ரியே வேண்டாமென்றார். கனடாவுக்கும் லண்டனுக்கும் அட்டை அனுப்புவதென்றால் இந்தக் கட்டத்தை இன்னும் முன்னுக்குத் தள்ளுங்கள், டிசம்பர் தபாலில் நம்பிக்கை வைக்காதீர்கள்.

இரண்டு கிழமைக்கு முன்: களி உருவங்கள்

இனி என் தோல்விக் கதை. இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர் சேர்த்துக் குழைத்து நட்சத்திரம் வெட்டுவது எல்லா ஊரிலும் செய்கிற ஒன்று. நானும் இருபத்துநாலு நட்சத்திரம் வெட்டி, விறாந்தையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் ஒவ்வொன்றும் வியர்த்திருந்தது. ஐந்தாம் நாள் நூல் அறுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் உப்புப் போத்தலைத் திறந்து பார்த்த யாருக்கும் தெரிந்ததை நான் யோசிக்கவில்லை. விழுந்த ஒன்றை நாய் நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஓடிப்போய்ப் பறித்தேன். அவ்வளவு உப்பு நாய்க்கு நஞ்சுமாதிரி. வெதுப்பியில் 100 பாகைச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, உடனேயே வார்னிஷ் பூசினால் தப்பும். வெதுப்பி இல்லாதவர்கள் இந்தக் காலத்தில் அதைத் தொடவேண்டாம்.

பதிலாக இதைச் செய்யுங்கள்: ஒரு கப் அப்பச்சோடா, அரைக் கப் கோர்ன்ஃபிளவர், முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். மூன்றையும் அடுப்பில் வைக்குமுன்பே தாச்சியில் கட்டியில்லாமல் கலக்கி, சிறு நெருப்பில் விடாமல் துழாவுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று அடியில் கட்டிபடத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மசித்த உருளைக்கிழங்குபோல் திரளும். உடனே இறக்குங்கள். அதற்குமேல் விட்டால் காய்ந்து வெடிக்கும். தட்டில் போட்டு ஈரத்துணியால் மூடி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் பிசையக் கொடுங்கள். உப்புக் களியைவிட வெள்ளையாக, நைசாக வரும். ஈரத்தையும் அவ்வளவாக இழுக்காது. வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருந்தால் பக்கத்திலேயே இருங்கள்.

அரைச் சென்றிமீற்றர் தடிப்பில் உருட்டி, ஒரு வேப்பிலையை நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே போத்தலை ஒருதரம் உருட்டுங்கள். இலையின் காம்பைப் பிடித்து மெதுவாக உரித்தால் நரம்பு நரம்பாகப் பதிந்திருக்கும். செவ்வரத்தை இலையும் நன்றாக வரும். முருங்கையிலை சிறிது, உரிக்கும்போது கிழியும். தேநீர்க் குவளையின் வாயால் வட்டமாக வெட்டி, உறிஞ்சிக் குழாயால் மேலே ஒரு ஓட்டை. ஓட்டையை ஓரத்துக்கு மிகக் கிட்ட வைத்தால் பிய்யும். மின்விசிறிக்குக் கீழே தாள் விரித்து இரண்டு நாள், நாளுக்கு இரண்டு தடவை புரட்டிப் போடுங்கள். புரட்டாவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். சிவப்பு நூல் கோத்தால் நத்தார் மரத்திலும் தொங்கும், பொங்கலுக்குக் கதவுப் பிடியிலும் தொங்கும்.

சிப்பி சோகி ஒட்டிப் படச்சட்டம் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் பொறுக்குவதை அலை அடங்கியிருக்கும் மாதங்களில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பார்க்காமல் எடுக்கவேண்டாம். கூம்பு வடிவச் சங்குகளில் உயிரோடு இருப்பவை கொட்டும், அந்த நஞ்சு பொல்லாதது. கரையில் கண்ட உடனே கையில் எடுக்காதே என்று சொல்லிப் பழக்குங்கள். முருகைக்கல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகிய புறாத்தீவிலிருந்து வெறும் சிப்பிகூட எடுத்து வரக்கூடாது. நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்க்காத சிப்பி, பரிசு போகும் வீட்டில் உங்கள் பெயரை நாறடிக்கும்.

மூன்று நாளைக்கு முன்: எள்ளுருண்டை

பாகு காய்ச்சும் பலகாரங்களைப் பிள்ளைகளோடு செய்வதில்லை. கொதிக்கும் சீனிப்பாகு பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். தொதல் கிண்டுவதும் அவர்களுக்கானதல்ல. இடித்து உருட்டும் எள்ளுருண்டையில் நெருப்பு வேலை பத்து நிமிடம், மீதி எல்லாம் கை வேலை.

எள் 250 கிராம், சர்க்கரை 150 கிராம், ஏலக்காய் மூன்று. எள்ளில் மண் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அரித்து வடியவிட்டு, வெயில் இல்லையென்று கவலைப்படாமல் நேரே தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் ஈரம் போகும்வரை வறுக்கலாம். ஈரம் போனதும் எள் படபடவென்று வெடிக்கும். இரண்டு விரலால் நசுக்கினால் உமியாக உதிரவேண்டும். அதுதான் பதம். அதற்குமேல் போனால் கசக்கும்.

இளஞ்சூட்டில் உரலில் சர்க்கரையோடு சேர்த்து இடியுங்கள். கிரைண்டர் என்றால் விட்டுவிட்டு நான்கைந்து சுற்று, ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். கைப்பிடியில் அமுக்கினால் உருண்டை நிற்கவேண்டும். நிற்காவிட்டால் இன்னும் ஒரு இடி, தண்ணீர் தெளிக்காதீர்கள். தண்ணீர் பட்டது நான்காம் நாள் பூஞ்சணம் பிடிக்கும்.

பிள்ளைகளின் நகத்தை முதல் நாளே வெட்டி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு இருத்துங்கள். நெல்லிக்காய் அளவு என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். இந்த அளவுக்கு இருபத்தைந்து உருண்டை வரும், நான்கு வயதுக் கை உருட்டினால் தேசிக்காய் அளவில் ஆறும் மிளகளவில் முப்பதும் வரும். சூடு ஆறுமுன் உருட்டி முடிக்கவேண்டும், அதனால் பாதிப் பாதியாக இடிப்பது நல்லது. மூடி இறுகிய போத்தலில் பத்து நாள் இருக்கும். எள் சிலருக்கு ஒவ்வாது. கொடுக்கும் வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இதை வைக்கப் பனையோலைக் குட்டானைவிடப் பொருத்தமான பெட்டி இல்லை. பனங்கட்டி வைத்து விற்பது அதே குட்டானில்தான். சந்தையில் வாங்கலாம், அம்மம்மா பின்னித் தந்தால் இன்னும் நல்லது. ஓலையும் இந்தக் காலத்தில் ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்படியில் இரண்டு நாள் வைத்து எடுத்து, உள்ளே எண்ணெய்த்தாள் போட்டபின் உருண்டைகளை அடுக்குங்கள்.

பண்டிகைக்கு முதல் நாள்: சுற்றுவதும் கொண்டுபோவதும்

பழைய பத்திரிகைத் தாளில் வெண்டிக்காய் அச்சுக் குத்தினால் சுற்றுத்தாள் ஆகிவிடும். முற்றலான வெண்டிக்காயைக் காம்புப் பக்கம் கைப்பிடியாக வைத்துக்கொண்டு குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. வெட்டிய உடனே அதன் வழுவழுப்பில் நிறம் ஒட்டாது. துணியில் ஒற்றிப் பத்து நிமிடம் விட்டபின் தோயுங்கள். செடிக்கு ஒரு துண்டுத் தாளில் ‘மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்’ என்று மகனை எழுதவைத்துக் கட்டிவிடுகிறேன். இல்லையென்றால் அன்பு மிகுதியில் அழுகவைத்துவிடுவார்கள்.

கொண்டுபோய்க் கொடுப்பதை மழை விட்டிருக்கும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பொலித்தீன் பையும் கையில் இருக்கட்டும். பெருநாளுக்கு எங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் பின் வீட்டுக்குக் குட்டான், நத்தார் கொண்டாடும் மூலை வீட்டுக்குக் களி உருவம், அப்பம்மாவுக்குச் செடியும் அட்டையும். பிள்ளையின் கையில்தான் இருக்கவேண்டும், நீங்கள் குடை மட்டும் பிடியுங்கள்.

போன வருடம் பின் வீட்டு வாசலில் நின்று குட்டானை வாங்கிய மாமி அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். எட்டு உருண்டை வைத்து அனுப்பியது, ஐந்துதான் இருந்தது. மகளின் வாய் ஓரத்தில் எள். இந்த வருடம் ஒவ்வொரு குட்டானிலும் மூன்று கூட வைக்கிறேன்.